தொண்ணூத்தொண்ணு அக்கா

மறுமுனையில் யாரும் எடுக்காவிட்டால், பதினான்கு முறை மணி அடித்த பிறகுதான் அக்கா போனைக் கீழே வைப்பார். பதின்மூன்றாவது முறை அடிக்கும்போதே பென்சில் முனை 'கிடைக்கவில்லை' என்ற கட்டத்துக்கு மேலே போய் நின்றுவிடும். ஆனால் தாளைத் தொடாது. "பாத்ரூம்ல இருந்து ஓடி வர்ற மனுஷனுக்கு அவ்வளவு நேரமாவது வேணும் சார்" என்பார். ஒருநாள் கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தேன். பதினான்கு முறை அடிக்க எழுபது விநாடி ஆகிறது.

எடுத்துவிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி படிவத்தில் இல்லாத கேள்வி.

"உக்காந்துட்டீங்களா?"

"இல்லக்கா, நின்னுட்டுதான் இருக்கேன். பரவாயில்ல, கேளுங்க."

"எனக்கு அது சரிப்படாது. உக்காருங்க. நான் எங்கயும் போகல."

நின்றுகொண்டு பதில் சொல்கிறவர்கள் போனை வைப்பதற்காகவே பதில் சொல்கிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தமோ, படிக்கட்டில் யாரோ அமரும் பெருமூச்சோ கேட்ட பிறகே பென்சில் நகரும். எப்போதும் வலது காதுதான். இடது காது அவருக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் போய்விட்டது.

ஒரு நகலகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்த வேலைப் பயிற்சி மையம். கீழே இயந்திரம் ஓடும்போது எங்கள் மேசைகள் லேசாக நடுங்கும். சாதாரணமாக வேலை கிடைக்காதவர்களை நாற்பது பேர் நாற்பது பேராகச் சேர்த்து, பதினாறு வாரம் பயிற்சி கொடுத்து, எங்கேயாவது வேலையில் அமர்த்துவார்கள். வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்றோராம் நாள் ஒருமுறை, முன்னூற்று அறுபத்தைந்தாம் நாள் ஒருமுறை, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டு எழுத வேண்டும். கேட்பது இவர் வேலை. எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது, வாரம் மூன்று நாள் வந்து எதிர் மேசையில் உட்காரும் என் வேலை.

தொண்ணூற்றோராம் நாள் என்றால் தொண்ணூற்றோராம் நாள்தான். தொண்ணூறிலும் கூப்பிட மாட்டார், தொண்ணூற்றிரண்டுக்கும் விட மாட்டார். அதனால் அவருக்கு வைக்கப்பட்ட பெயர் 'தொண்ணூத்தொண்ணு அக்கா'. பலருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

"யாரு, தொண்ணூத்தொண்ணு அக்காவா? உயிரோடதான் இருக்கேன், எழுதிக்கோங்க."

"உயிரோட இருக்கறதுக்குக் கட்டம் இல்லப்பா. வேலைல இருக்கியா, அதைச் சொல்லு."

படிவத்தின் தலையில் 'வேலை பெறுவதில் பன்முகத் தடைகள் உள்ள குறைந்த வருமானப் பிரிவினர்' என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வரியை அவர் வாயால் நான் கேட்டதில்லை. 'நம்ம ஆளுங்க' என்பதுதான் அவர் வழக்கம். அதற்குக் கீழே, 'முதன்மையான தடை எது? ஒன்றை மட்டும் குறிக்கவும்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில்தான் அவருக்குப் பென்சில் நின்றுவிடும்.

"இவனுக்கு எழுதப் படிக்க வராது. அதனால விண்ணப்பம் போடல. போடாததால ரெண்டு வருஷம் வீட்ல இருந்தான். வீட்லயே இருந்ததால இப்ப பஸ் ஏறவே பயப்படறான். இதுல எதுக்கு சார் நான் டிக் போடறது? பஸ்ஸுக்கா?"

முப்பத்தேழு வருடம் ஒரு மருத்துவமனையில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன் நான். அங்கேயும் காரணத்துக்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.

இவரும் 'நம்ம ஆளுங்க'ளில் ஒருவர்தான். போன வருடத்து நாற்பது பேரில் முப்பத்தொன்றாம் எண். வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது வருடம் வேலை எதுவும் பார்த்ததில்லை, பார்க்க முடிந்ததில்லை. வலிப்பு வரும் தம்பி ஒருவர் வீட்டில் இருக்கிறார், முப்பத்தெட்டு வயது. பெற்றோர் போன பிறகு அவருக்கு இவர்தான். பயிற்சி முடிந்து மூன்று இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போனார். "என்ன கேட்டாங்கன்னே தெரியல சார். மூணு இடத்துலயும் கேக்கறவங்க என் இடது பக்கமா உக்காந்தாங்க. நான் பாட்டுக்கு சிரிச்சுட்டு வந்துட்டேன்." நாற்பது பேரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் இவர். சேர்ந்த இடம் இந்த மையமே. பயிற்சி கொடுத்த இடமே வேலையும் கொடுத்துவிட்டு அதையும் கணக்கில் சேர்க்கலாமா என்று மேலிடத்தில் ஒருமுறை கேட்டார்கள். சம்பளம் வருகிறதா? வருகிறது. அப்படியானால் சேர்க்கலாம் என்று எழுதி வந்தது.

தம்பியைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. ஐந்தரை மணி வரை. அதனால் நாலே முக்காலுக்கு இவர் நாற்காலியில் இருக்க மாட்டார். ஒருநாள் பஸ் தாமதமாகி, தம்பி அக்காவைத் தேடிச் சாலைக்கு வந்து விழுந்து, நெற்றியில் ஆறு தையல். அன்றிலிருந்து கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார். கைப்பையைத் தரையிலோ மேசையிலோ வைப்பதில்லை, மடியில்தான். எழுந்து ஓட வேண்டுமானால் குனிந்து எடுக்கும் நேரம் மிச்சம்.

தினமும் பகல் பன்னிரண்டுக்கு அவருடைய சொந்தப் போன் ஒரே ஒருமுறை அடித்து நின்றுவிடும். தம்பி நன்றாக இருக்கிறார் என்று பொருள். இரண்டாவது முறையும் அடித்தால் ஏதோ நடந்திருக்கிறது. முதல் முறை அடித்து ஓய்ந்ததும் அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூச்சை நிறுத்திக்கொண்டு, இரண்டாவது அடிக்கிறதா என்று காத்திருப்பார். அந்த ஐந்து விநாடியில் அவரிடம் எதுவும் பேசக் கூடாது. பிறகு, "சரி, சாப்பிட்டான்" என்பார். ஒருநாள் ஏதோ சோப்பு நிறுவனத்தின் விளம்பர அழைப்பு இரண்டு முறைக்கு மேல் அடித்துவிட்டது. போனை எடுத்துப் பேசி வைத்த பிறகும் கால் மணி நேரம் அவரால் பென்சில் பிடிக்க முடியவில்லை.

பென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் பென்சிலில் எழுதுவார். மாலை நாலரைக்கு அன்றைய தாள்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் பேனாவால் மேலே எழுதுவார். பேனா பட்ட பிறகு தாளில் மாற்றம் கிடையாது. படிவத்தில் 'ஏன்' என்ற கேள்விக்கு இடமில்லை என்பதால், பழைய தாள்களைக் கிழித்து, அவற்றின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இரண்டு வரி எழுதி, படிவத்தோடு குண்டூசியால் குத்தி வைப்பார். மேலிடத்துக்குப் போகும்போது அந்தத் துண்டுகளைப் பிடுங்கிவிட்டுத்தான் அனுப்புகிறோம். பிடுங்கிய துண்டுகள் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன, தேதி வாரியாக.

அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் எண் ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். ஐம்பத்தொரு வாரம் ஒருநாள்கூடத் தவறாமல் போனவர். கடைசி வாரத்தில் மகளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்; நிலையத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். 'கடந்த ஏழு நாட்களில் ஒரு நாளாவது கூலிக்கு வேலை செய்தீர்களா?' இதுதான் படிவத்தின் கேள்வி. பதில்: இல்லை. இருபத்து மூன்றாம் எண் ஒரு பெயின்டர். நான்கு மாதமாகச் சும்மா இருந்தவர், அந்த வாரம் பார்த்து ஒரு கதவுக்கு வண்ணம் அடித்திருந்தார். ஒரே ஒரு கதவு. பதில்: ஆம்.

இரண்டு தாளிலும் ஒரே அழுத்தத்தில்தான் பேனா ஓடியிருக்கிறது.

பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்ட அன்று மாலை மேலாளர் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது, நல்ல மனிதர். தூக்கம் குறைவு என்று கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

"அக்கா, அந்தச் சலவை அம்மாவை நாலு நாள் தள்ளிக் கூப்பிட்டிருக்கலாமே. வேற இடத்துல சேர்ந்திருப்பாங்க."

அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"அக்கா."

"இடது பக்கம் நின்னு பேசினா கணக்குல வராது சார்" என்று சொல்லித் திரும்பினார். மேலாளர் மறுபடி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "கிடைக்கலைன்னாதான் பத்து நாள் அவகாசம். அவங்க முதல் மணியிலயே எடுத்துட்டாங்களே. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்கார இடம் தேடி வேற உக்காந்தாங்க."

மேலாளரின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நாற்பதில் இருபது பேராவது ஒரு வருட முடிவில் வேலையில் இருந்தால்தான் அடுத்த நாற்பது பேருக்கு அனுமதி வரும். பத்தொன்பது என்றால் வராது. அடுத்த நாற்பதின் பட்டியல் நீலக் கோப்பில் தயாராக இருக்கிறது. அதில் ஆறாம் எண் ஒரு பிளம்பர். ஒன்பது வருடம் சிறையில் இருந்து வந்தவர். கூப்பிடாமலே திங்கட்கிழமைதோறும் வந்து, வெளியே வராந்தா பெஞ்சில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். "எப்பக்கா ஆரம்பிப்பாங்க?" என்று கேட்பார். "தெரியாதுப்பா" என்பார் இவர். "தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருக்கீங்களா?" "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றேன். தண்ணி குடிச்சியா?"

முப்பத்தொன்பது பேரைக் கூப்பிட்டு முடித்தபோது என் பேரேட்டில் கூட்டிப் பார்த்தேன். ஆம், பத்தொன்பது. இல்லை, பதினேழு. பத்து நாளும் கூப்பிட்டுக் கிடைக்காதவர் மூன்று. அவர்களும் 'இல்லை'யில் சேர்த்திதான். பாக்கி இருந்தது ஒரே ஒரு தாள். முப்பத்தொன்றாம் எண்.

அப்பாடா என்று மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், வேலையிலும் இருக்கிறார், இருபது ஆகிவிட்டது. அவர் சாய்ந்தது இரண்டு நிமிடம் இருக்கும். தேதிகளை நான் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் நகர்த்தினேன்.

இந்த மையத்தில் யாருக்கும் ஒரு முழு வருட ஒப்பந்தம் கிடையாது. ஐம்பத்தொரு வாரம் வேலை, பிறகு இரண்டு வாரம் இடைவெளி, பிறகு புது ஒப்பந்தம். தொடர்ந்து ஒரு வருடம் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக என்றோ யாரோ செய்த ஏற்பாடு. இவருடைய ஒப்பந்தம் முன்னூற்று ஐம்பத்தேழாம் நாளோடு முடிகிறது. முன்னூற்று அறுபத்தைந்தாம் நாள், இடைவெளியின் இரண்டாவது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஏழு நாளும் சம்பளம் இல்லாத நாட்கள்.

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

இடைவெளி வாரத்திலும் தொண்ணூத்தொண்ணு அக்கா வந்தார். வாசலில் வருகையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதிவிட்டு உள்ளே வருவார். ஒரு போனும் செய்ய மாட்டார். தாள்களைத் தொட மாட்டார், அதற்கு அந்த வாரம் தனக்கு உரிமை இல்லை என்று. நீலக் கோப்பின் ஓரத்தைச் சரிசெய்வார், பென்சில்களைச் சீவுவார், குப்பைக் கூடையைக் காலி செய்வார். வீட்டில் சும்மா இருந்தால் தம்பிக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். "வேலை போயிடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பான் சார். இல்லடான்னா நம்ப மாட்டான். அதான் டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறது."

வெள்ளிக்கிழமை மேலாளர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவருடைய வலது பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் முதல் முறையாக.

"வேலை செய்யறீங்கதானே அக்கா? இப்பகூட செஞ்சுட்டுதானே இருக்கீங்க?"

"இது வேலையில்ல சார். வந்து போறது. கேள்வியில 'கூலிக்கு'ன்னு இருக்கு."

"சரி. இருக்கட்டும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க தாளை நீங்களே எழுத முடியாது. பெரிய சார்தான்" என்று என்னைக் காட்டினார், "கூப்பிடணும். திங்கட்கிழமை நீங்க எடுக்காதீங்க. அவ்வளவுதான். பதினாலு தடவை அடிச்சு நின்னா 'கிடைக்கல'. பத்து நாள் அவகாசம் இருக்கு. அடுத்த திங்கள் புது ஒப்பந்தம். புதன்கிழமை கூப்பிட்டா எடுங்க. அப்ப நீங்க வேலைல இருப்பீங்க. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல."

நான் தலையைக் குனிந்து கூட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் விதிக்குப் புறம்பான எழுத்து ஒன்றுகூட இல்லை. மூன்று முறை விதிப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"எடுக்காட்டி இருபது. எடுத்தா பத்தொன்பது. பத்தொன்பதுன்னா மையம் மூடிடும் அக்கா. உங்க புது ஒப்பந்தமும் அதோட சரி. அப்புறம் எந்த நாள் கூப்பிட்டுக் கேட்டாலும் 'இல்ல'தான்."

"அந்த நாப்பது பேரு?"

"அவங்களும்தான்."

அவர் கைப்பையின் வாரைப் பிடித்து, விரலில் சுற்றி, அவிழ்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரிய சார், திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க?"

"பதினொன்றரைக்கு."

"பன்னெண்டுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. தம்பி கூப்பிடுவான்."

அன்று நாலே முக்காலுக்குப் பதில் நாலரைக்கே கிளம்பிவிட்டார். சீவிய பென்சில்கள் ஒன்பதும் ஒரே உயரத்தில் இருந்தன.

திங்கட்கிழமை அவர் வர மாட்டார் என்றுதான் மேலாளர் எதிர்பார்த்தார், நானும். பத்து மணிக்கு வந்தார். பதிவேட்டில் 'சும்மா' என்று எழுதினார். வராந்தாவில் பிளம்பர் வழக்கம்போல் பெஞ்சில் இருந்தார். இவர் அவரைக் கடந்து வந்தார். உள்ளே வந்தும் உட்காரவில்லை. மடியில் வைக்க வேண்டிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றார். சொந்தப் போனை எடுத்துத் தன் மேசையின் நடுவில் வைத்தார். பதினொன்று ஆயிற்று. மேலாளர் அவருடைய அறையில் இருந்தார், கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கீழே நகலக இயந்திரம் ஓட, போன் மேசையில் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது.

பதினொன்று முப்பதுக்கு முப்பத்தொன்றாம் தாளை முன்னால் வைத்து, பென்சிலை எடுத்து, எண்களை அழுத்தினேன். என் காதில் ஒலித்த அதே நேரத்தில் நான்கடி தூரத்தில் அவர் போன் அடித்தது.

ஒன்று. இரண்டு. அவர் தலையைச் சாய்த்து நின்றார், பன்னிரண்டு மணிக்கு நிற்பதுபோல. ஆனால் இது தம்பி இல்லை என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது, நான்காவது. அவர் கை தன்னையறியாமல் மேசை வரை போய்த் திரும்பியது. தம்பியின் பன்னிரண்டு மணி அழைப்பைத் தவிர, ஒரு வருடமாக ஒரு மணியைக்கூட அடிக்க விட்டு நின்றவர் இல்லை அவர். ஆறு. ஏழு. மேலாளரின் அறைக் கதவு இன்னும் ஒரு சாண் திறந்தது. வராந்தாவில் பிளம்பர் எழுந்து, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். எட்டு. அக்கா பிளம்பரைப் பார்த்தார். ஒன்பதாவது முறையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வைத்துவிடலாம். பதினான்கு வரை என்பது விதியில் இல்லை, அவர் வைத்துக்கொண்ட வழக்கம்தான். விதிப்படி ஆறு முறை போதும். ஆறு எப்போதோ தாண்டிவிட்டது. என் பென்சில் முனை 'கிடைக்கவில்லை'க்கு மேலே நின்றது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. கீழே இயந்திரம் நின்றுவிட்டது.

பதின்மூன்றாவது முறை அடித்து முடிவதற்குள் போனை எடுத்தார். இடது கைக்குக் கிடைத்ததை வலது கைக்கு மாற்றி, வலது காதில் வைத்தார். பிறகு காலால் நாற்காலியை இழுத்து, அதை என் பக்கம் தன் முதுகு தெரியும்படி திருப்பிப் போட்டு, தோளில் இருந்த பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காந்துட்டேன் சார்" என்றார். "கேளுங்க."